எதைப் பார்க்காமல் விடுவது: நகர மையத்தின் கலைக்கூடங்களுக்கு முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிமுறை

பெருநகரங்களின் மையப்பகுதியில் கலை அருங்காட்சியகங்களும் தனியார் கேலரிகளும் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகக்கூடிய தொலைவில் இருக்கும். வரைபடத்தில் அவற்றை அருகருகே பார்த்தவுடன், நான்கைந்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று புதிதாகச் செல்பவர் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்குதான் அன்றைய நாளைக் கெடுக்கிறது. பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் மட்டும் ஏறத்தாழ 35,000 பொருள்கள் காட்சியில் உள்ளன. ஒவ்வொன்றின் முன்னும் பத்து நொடி நின்றாலே, உண்ணாமல் உறங்காமல் நான்கு நாள்களுக்கு மேல் ஆகும். ஆகவே எதைப் பார்ப்பது என்பதைக் காட்டிலும் எதைப் பார்க்காமல் விடுவது என்பதையே முதலில் தீர்மானிக்க வேண்டும். கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் அந்தத் தீர்மானத்தைச் சுற்றியே அமைந்தவை.

படி 1: ஓர் அருங்காட்சியகம், அதில் இரண்டு மூன்று அறைகள்

நகர மையத்தில் நீங்கள் காணக்கூடிய இடங்கள் பொதுவாக மூன்று வகைப்படும். பல நூற்றாண்டுகளின் சேகரிப்பை வைத்திருக்கும் பெரிய அருங்காட்சியகங்கள் ஒரு வகை. லூவ்ரும், 1819-இல் திறக்கப்பட்ட மாட்ரிட்டின் பிராடோவும் இதில் சேரும். 1929-இல் தொடங்கிய நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம், பழைய மின் நிலையம் ஒன்றில் 2000-இல் திறக்கப்பட்ட லண்டனின் டேட் மாடர்ன் போன்று, நவீன, சமகாலப் படைப்புகளுக்கென்றே அமைந்தவை இரண்டாம் வகை. ஓவியங்களை விற்பனைக்கு வைக்கும் தனியார் கேலரிகள் மூன்றாம் வகை.

ஒரு நாளுக்கு முதல் இரண்டு வகைகளிலிருந்து ஒன்றே ஒன்று, அதனுடன் இரண்டு கேலரிகள் என்பதே தொடக்கநிலையில் நான் பரிந்துரைக்கும் அளவு. இயன்றால் முதல் அருங்காட்சியகமாக ஒரு குறிப்பிட்ட காலத்தை மட்டும் காட்டுவதைத் தேர்ந்தெடுங்கள். ரயில் நிலையமாக இருந்த கட்டடத்தில் 1986-இல் திறக்கப்பட்ட பாரிசின் ஓர்சே அருங்காட்சியகம் 1848 முதல் 1914 வரையிலான கலையையே முதன்மையாகக் காட்டுவதால், எகிப்தியச் சிற்பத்திலிருந்து ஒரே தாவலில் இருபதாம் நூற்றாண்டுக்கு வந்து திகைக்கும் நிலை அங்கே நேர்வதில்லை. பெரிய அருங்காட்சியகத்திற்குத்தான் போக வேண்டியிருக்கிறது என்றால், அதன் இணையதளத்தில் உள்ள தளவரைபடத்தைத் திறந்து, உங்களுக்கு ஆர்வமூட்டும் இரண்டு மூன்று அறைகளின் எண்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: கிழமையும் நேரமும்

வாசல்வரை போய்விட்டுத் திரும்புவோரில் பெரும்பாலோர் வார விடுமுறையைக் கவனிக்காதவர்களே. லூவ்ருக்கும், பிக்காசோவின் ‘குவெர்னிகா’ உள்ள மாட்ரிட்டின் ரெய்னா சோபியாவுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை, ஓர்சேவுக்குத் திங்கள், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திற்குப் புதன். தனியார் கேலரிகள் பல ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவருக்கு வியாழன், வெள்ளி, சனி ஆகிய நாள்களே பெரும்பாலும் பாதுகாப்பானவை. மூடும் நேரத்தோடு கடைசி அனுமதி நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பல இடங்களில் மூடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்கு முன்பே உள்ளே விடுவது நிறுத்தப்படும், கடைக்கோடி அறைகள் அதற்கும் முன்னரே காலி செய்யப்படும்.

கட்டணத்தில் ஒரு நுட்பம் உண்டு. லண்டனின் தேசிய ஓவியக்கூடம், டேட் மாடர்ன் போன்றவற்றில் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. சிறப்புக் கண்காட்சிக்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டும். முதன்முறை செல்பவர் அந்தச் சிறப்புக் கண்காட்சியைத் தயங்காமல் விட்டுவிடலாம். நெரிசல் அங்கேதான் அதிகம். அதே கட்டடத்தில் நிரந்தரச் சேகரிப்பின் அறைகள் பாதி காலியாக இருக்கும்.

கட்டணம் உள்ள இடங்களில் இப்போது பெரும்பாலும் நேரம் குறித்த டிக்கெட் வழங்கப்படுகிறது. திறக்கும் நேரத்திற்குரியதை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. உள்ளே நுழையும் கூட்டம் முதலில் வாசலை ஒட்டிய அறைகளையே நிரப்பும் என்பதால், நீங்கள் குறித்துக்கொண்டவற்றுள் மிகத் தொலைவில் உள்ள அறைக்கு நேரே நடந்துவிடுங்கள். 1959-இல் திறக்கப்பட்ட நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தை வடிவமைத்த ஃபிராங்க் லாய்ட் ரைட், பார்வையாளர்கள் லிஃப்டில் உச்சிக்குப் போய், சுழன்று இறங்கும் சரிவுப் பாதையில் நடந்தபடியே பார்த்து வர வேண்டும் என்றே திட்டமிட்டார். மேலிருந்து கீழே வருவது மற்றப் பல மாடிக் கட்டடங்களிலும் கால்களுக்கு நல்லதுதான்.

நீங்கள் குறிப்பாக ஓர் ஓவியத்தைக் காணவே போகிறீர்கள் என்றால், அது அன்று சுவரில் உள்ளதா என்பதை இணையதளத்தில் சரிபார்த்துவிடுங்கள். ஓவியங்கள் வேறு நகரங்களின் கண்காட்சிகளுக்கு இரவலாகப் போவதும், பராமரிப்புக்காக இறக்கப்படுவதும் வழக்கம்.

படி 3: கையில் இருக்க வேண்டியவை

ஒரு சிறு நோட்டும் பென்சிலும் போதும். பேனாவின் மை சிந்தினால் நீக்க முடியாது என்பதால் பல கூடங்களில் பென்சிலுக்கு மட்டுமே அனுமதி. முதுகுப்பை, குடை, செல்ஃபி கம்பு ஆகியவற்றை வாசலிலுள்ள பொருள் பாதுகாப்பு அறையில் ஒப்படைக்க வேண்டியிருக்கும்; சில இடங்களில் சிறிய முதுகுப்பையை மார்பின் முன்னே மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள். பிராடோவின் காட்சி அறைகளில் புகைப்படத்திற்கே தடை உண்டு. மற்றப் பல இடங்களில் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம்.

சில அறைகள் மங்கலாக இருப்பதைக் கண்டு ஏமாற்றமடைய வேண்டாம். காகிதத்தில் வரைந்தவை, நீர்வண்ண ஓவியங்கள், துணிகள் ஆகியவை ஒளியால் வெளிறிப்போகும் என்பதால், அவற்றின் மேல் விழும் ஒளியை ஏறத்தாழ 50 லக்ஸ் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) அளவிலேயே வைத்திருப்பது அருங்காட்சியக வழக்கம். எண்ணெய் வண்ண ஓவியத்திற்கு 200 லக்ஸ் வரை தருவார்கள். இருட்டான அறைக்குள் நுழைந்து ஒரு நிமிடம் சும்மா நின்றால் கண் பழகிவிடும்.

படி 4: அறைக்குள் நடக்கும் முறை

வாசலுக்கு அருகில் உள்ள ஓவியத்தில் தொடங்கி, வரிசையாக ஒவ்வொன்றின் முன்னும் நின்று, குறிப்பைப் படித்து நகர்வதே எல்லோருக்கும் இயல்பாக வரும் முறை. அதைத் தவிர்த்துவிடுங்கள். முதலில் எங்கும் நிற்காமல் அறையை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். அந்தச் சுற்றில் எது உங்களைத் திரும்பிப் பார்க்க வைத்ததோ, அது புகழ்பெற்றதாக இல்லாவிட்டாலும், பிடித்ததால் அல்லாமல் எரிச்சலூட்டியதால் பார்க்க வைத்திருந்தாலும், அதனிடம் மட்டும் திரும்பிச் செல்லுங்கள். ஓர் அறைக்கு ஒன்று அல்லது இரண்டு போதும்.

அருங்காட்சியகத்தில் வரும் களைப்பு உங்கள் ரசனைக் குறைவினால் வருவதன்று. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், காட்சிப் பெட்டிகளில் உள்ளவற்றைப் பார்க்கவும் குறிப்புகளைப் படிக்கவும் ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து, வளைந்து, மண்டியிட வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களாக எடுத்து, இந்தக் களைப்பைப் பற்றி 1916-இலேயே கட்டுரை எழுதினார். மெதுவாக நடப்பதும் நிற்பதுமாக மாறி மாறிச் செய்வது விரைந்து நடப்பதைவிட அதிகமாக அசதி தரும். ஆகவே இருக்கை கண்ட இடத்தில் உட்காருங்கள். அவை பெரும்பாலும் நின்று பார்க்கத் தகுந்த ஓவியத்திற்கு எதிரேதான் போடப்பட்டிருக்கும். ஒன்றரை மணி நேரம் ஆனதும், இன்னும் பார்க்கலாம் என்று தோன்றினாலும், வெளியே வந்துவிடுவது நல்லது.

படி 5: ஓர் ஓவியத்தின் முன் ஐந்து நிமிடம்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டனில் நடத்தப்பட்டு 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், பார்வையாளர் ஓர் ஓவியத்தின் முன் செலவிட்ட சராசரி நேரம் 27 நொடி என்று தெரியவந்தது; குறிப்பைப் படிக்கும் நேரமும் அதில் அடக்கம். அதை ஐந்து நிமிடமாக நீட்டிப்பதுதான் இந்தப் படி. சும்மா நின்றால் ஐந்து நிமிடம் நகராது என்பதால், மூன்று தொலைவுகளிலிருந்து பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளலாம்.

சிகாகோவின் நகர மையத்தில், மிச்சிகன் அவென்யூவில் உள்ள கலைக் கழக அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்வோம். (1893-இல் விவேகானந்தர் பேசிய உலகச் சமய மாநாடு நடந்தது இந்தக் கட்டடத்தில்தான்.) ஜார்ஜ் சூரா 1884 முதல் 1886 வரை வரைந்த, கிராண்ட் ஜாட் தீவின் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலைக் காட்டும் ஓவியம் இங்கே உள்ளது. உயரம் இரண்டு மீட்டருக்கும் அகலம் மூன்று மீட்டருக்கும் சற்று அதிகம்.

முதலில் அறையின் மறுகோடியிலிருந்து பாருங்கள். ஆற்றங்கரைப் புல்வெளி, நிழல், வெயில், குடை பிடித்த மனிதர்கள் என்று எல்லாம் ஒரு மௌனமான ஒழுங்கில் நிற்கும். பிறகு ஓவியத்தின் அகலத்துக்குச் சமமான தொலைவுக்கு வாருங்கள். இப்போது ஆட்களைத் தனித்தனியே பார்க்க முடியும்: ஏறக்குறைய எல்லோரும் பக்கவாட்டில் திரும்பி நிற்க, நடுவில் வெள்ளை உடை அணிந்த சிறுமி மட்டும் நேராக உங்களைப் பார்க்கிறாள், வலப்புறத்துப் பெண்மணியின் காலடியில் கயிற்றில் கட்டிய குரங்கு ஒன்று இருக்கிறது. கடைசியாக, எச்சரிக்கைக் கோடு அனுமதிக்கும் அளவு நெருங்குங்கள். புல்வெளி மறைந்து, பச்சைக் கீற்றுகளின் மேல் தெளித்த புள்ளிகள் மட்டும் மிஞ்சும். வெயில்பட்ட புல்லில் உள்ள மங்கிய பழுப்புப் புள்ளிகள் சிலவற்றைக் கவனியுங்கள். சூரா வைத்தபோது அவை பளிச்சென்ற மஞ்சள். அவர் பயன்படுத்திய துத்தநாக மஞ்சள் சில ஆண்டுகளிலேயே நிறம் மாறிவிட்டது. ஓரத்தில் சுற்றிலும் ஓடும் புள்ளிக்கரையும் பிற்பாடு அவரே சேர்த்தது. இவற்றை அறிந்துகொண்டு மறுபடியும் பின்னால் போய்ப் பாருங்கள். அதே வெயில் முன்பு பார்த்ததுபோல் இருக்காது.

இந்த மூன்று தொலைவுகள் எந்த ஓவியத்திற்கும் பொருந்தும். நெருங்கியபின் ஓர் ஓரமாக நகர்ந்து, சாய்ந்து விழும் ஒளியில் வண்ணத்தின் தடிமனைப் பார்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வான் கோ 1889-இல் வரைந்த ‘விண்மீன் இரவு’ ஓவியத்தின் தூரிகைத் தடங்கள் வரப்பு வரப்பாக மேலெழுந்து நிற்பதைப் புகைப்படம் சரியாகக் காட்டுவதில்லை. அளவும் அப்படியே. ‘மோனாலிசா’ 77 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட மரப்பலகை. ‘குவெர்னிகா’வின் அகலமோ ஏழே முக்கால் மீட்டர். செல்பேசியின் திரையில் இரண்டும் ஒரே அளவுதான்.

சுவரில் உள்ள குறிப்பை இதற்கெல்லாம் பிறகு படியுங்கள். முன்பே படித்துவிட்டால், அது சொன்னதை மட்டும் சரிபார்த்துவிட்டுக் கண் ஓய்ந்துவிடும். அதில் ஓவியரின் பெயர், பிறப்பு இறப்பு ஆண்டுகள், தலைப்பு, வரைந்த ஆண்டு, எண்ணெய் வண்ணமா நீர்வண்ணமா, கித்தானா பலகையா என்ற விவரங்கள் இருக்கும். அளவு தரப்பட்டிருந்தால் முதலில் வருவது உயரம். கடைசி வரியை எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள், ஆனால் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். நன்கொடையா, விலைக்கு வாங்கியதா என்பதும், சேகரிப்பு எண்ணும் அங்கே இருக்கும். பல அருங்காட்சியகங்களில் அந்த எண்ணின் முதற்பகுதி ஓவியம் வந்து சேர்ந்த ஆண்டைக் குறிக்கும். சூராவின் ஓவியத்திற்கு 1926.224, வரைந்து நாற்பது ஆண்டு கழித்து வந்தது. அதே அருங்காட்சியகத்தில் எட்வர்ட் ஹாப்பரின் ‘நைட்ஹாக்ஸ்’ ஓவியத்திற்கு 1942.51, அது வரைந்து முடிக்கப்பட்டதும் 1942-இல்தான்.

படி 6: தனியார் கேலரிக்குள் நுழைதல்

புதியவர்கள் தயங்குவது இங்கேதான். கதவு மூடியிருக்கும், சில இடங்களில் மணியை அழுத்த வேண்டும், உள்ளே வெள்ளைச் சுவர்களும் மேசைக்குப் பின்னால் ஒருவரும் மட்டுமே இருப்பார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. வாங்கும் எண்ணம் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வணக்கம் சொல்லிவிட்டுப் பார்க்கத் தொடங்கலாம்.

சுவரில் குறிப்புகள் பெரும்பாலும் இருக்காது. மேசையில் உள்ள அச்சிட்ட பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தலைப்பு, ஆண்டு, ஊடகம் (எண்ணெய் வண்ணமா, நீர்வண்ணமா என்பது), அளவு, சில சமயம் விலையும் அதில் இருக்கும். பெயருக்கு அருகில் சிவப்புப் புள்ளி இருந்தால் அது விற்றுவிட்டது என்று பொருள். அச்சுப் படைப்பின் கீழ்ப்பகுதியில் 3/25 என்று பென்சிலால் எழுதியிருந்தால், அச்சிட்ட இருபத்தைந்து பிரதிகளில் அது மூன்றாம் எண்ணிட்டது. கண்காட்சிகள் சில வாரங்களுக்கு ஒருமுறை மாறும். அருங்காட்சியகத்தில் காலம் சலித்துத் தந்ததைப் பார்த்தவருக்கு, இங்கே இன்னும் யாரும் தீர்ப்புச் சொல்லாத படைப்புகளைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. பிடிக்கவில்லை என்றால் வெளியேறலாம், அதில் தவறொன்றும் இல்லை.

தொடக்கவிழா மாலைகளில் ஓவியரைச் சந்தித்துப் பேச முடியும். ஆனால் சுவரை மறைத்து ஆட்கள் நிற்பதால் ஓவியத்தைப் பார்க்க முடியாது. பார்ப்பதற்கென்று போகிறவர் மறுநாள் போவதே மேல்.

படி 7: வெளியே வந்தபின்

அன்றே, நினைவு கலையும் முன், இரண்டு மூன்று ஓவியங்களின் பெயரையும், நெருங்கி நின்றபோது கண்ட ஒரு விவரத்தையும் நோட்டில் எழுதிவிடுங்கள். சிகாகோ கலைக் கழகம், மெட்ரோபாலிட்டன், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் போன்றவை, பதிப்புரிமை முடிந்த தம் ஓவியங்களின் நுண்தெளிவுப் படங்களை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. எழுதியதை அந்தப் படத்தில் பெரிதாக்கித் தேடிப் பார்க்கலாம். அதே ஓவியரின் பிற படைப்புகள் எந்த நகரத்தில், எந்த அறையில் தொங்குகின்றன என்பதையும் அங்கேயே தேடி, அடுத்த முறை போகும் அறையின் எண்ணை அந்தப் பக்கத்தின் ஓரத்தில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.