கச்சில் வாங்கிய துணியில் ஒரு குட்டிப் போர்வை

ஊர் சுற்றப் போனால் சாவிக்கொத்தும் ஃபிரிட்ஜ் காந்தமும் வாங்குவதை நான் விட்டுவிட்டேன். துணிதான் வாங்குவேன். குஜராத்தின் கச் பகுதியில் புஜ் பக்கம் போகிறவர்கள் அஜ்ரக்பூரில் அஜ்ரக் துணி, அதாவது மர அச்சால் இயற்கைச் சாயத்தில் அச்சடித்த துணி, கால் கால் மீட்டராக நாலு எடுங்கள். கூடவே அந்த ஊர்ப் பருத்தியில் நெய்த காலா காட்டன், சாயம் போடாத வெள்ளையில் கால் மீட்டர். வெள்ளை எதற்கு என்றால், அங்கே வெள்ளை உப்பாகப் பரந்து கிடக்கும் ரண் பாலைவனத்தின் நினைவுக்கு.

அஜ்ரக்பூரே 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு உருவான ஊர். பழைய ஊரான தமட்காவில் தண்ணீர் சாயத்துக்கு ஒத்துவராமல் போக, இந்தத் துணியை அச்சடிக்கும் கத்ரி குடும்பங்கள் பல இங்கே குடிவந்தன. கறுப்புக்குத் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறப்போடுகிறார்கள், நீலம் அவுரி. அந்த அவுரி முதல் அலசலில் கொஞ்சம் விடும். அதனால் வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு துணியையும் தனித்தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, கறை ஒட்டாத வரை அலச வேண்டும். சோம்பல்பட்டால் வெள்ளைச் சதுரமெல்லாம் நீலமாகிவிடும். நிழலில் காயவைத்து இஸ்திரி போடுங்கள்.

ஆறரை அங்குலச் சதுரமாக ஒரு கெட்டி அட்டை வெட்டிக்கொண்டால் அளவு பிசகாது. 44 அங்குல அகலத் துணியில் கால் மீட்டருக்கு ஆறு சதுரம் வரும். ஐந்து துணிக்கு முப்பது. அகலத்தில் ஐந்து, நீளத்தில் ஆறு என்று தரையில் பரப்பி, தள்ளி நின்று பாருங்கள். இதற்கு ஒரு மாலை முழுக்கப் போனாலும் தப்பில்லை. வெள்ளைகளை ஒரே மூலையில் குவிக்காதீர்கள்.

கால் அங்குலம் விட்டு வரிசை வரிசையாகத் தையுங்கள். முதல் வரிசையின் தையல் மடிப்பை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் படியவைத்து இஸ்திரி போட்டால், வரிசைகளை இணைக்கும்போது மூலைகள் கச்சிதமாகச் சேரும். முடிந்ததும் 30-க்கு 36 அங்குலம் வரும்.

நடுவில் பஞ்சு வேண்டாம், நம் ஊர் வெயிலுக்குத் தாங்காது. பழைய வேட்டியை இரண்டாக மடித்து வைத்தால் போதும். அடியில் பழைய சுங்குடிச் சேலை, சுற்றிலும் இரண்டு அங்குலம் அதிகமாக. துவைத்துத் துவைத்துப் பழகிய துணி இனிமேல் சுருங்காது. மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பெரிய தையலாகப் போட்டு நிறுத்துங்கள். அப்புறம் எம்பிராய்டரி நூலில் மூன்று இழை கோத்து, விரற்கடை இடைவெளியில் ஓட்டுத் தையல். கோடு கொஞ்சம் கோணினால்தான் கைவேலை என்று தெரியும். கடைசியில் சுற்றிலும் ஒரு அங்குலம் மட்டும் மிஞ்சும்படி அடித்துணியை நறுக்கி, இரண்டு மடிப்பாக மேலே கொண்டுவந்து ஓரம் அடித்துவிடுங்கள்.

கண்ணாடி வேலைப்பாட்டுத் துண்டுகளை இதில் சேர்க்க ஆசை வரும். வேண்டாம், உடம்பில் உரசும். அவற்றைத் தலையணை உறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கச்சுக்கு நீங்கள் போய்வந்த மாதத்தையும் வருடத்தையும் ஒரு வெள்ளைச் சதுரத்தில் நீல நூலால் தைத்துவிட்டால் சரி.