பிறந்த குழந்தைக்கு மூளை பாதிப்பா? சார்னாட் முறையில் கட்டம் பார்ப்பது எப்படி

சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணங்களில் பிரசவ வார்டுக்குப் புதிதாக வரும் தாதியருக்காக இதை எழுதுகிறேன். பிறக்கும் நேரத்தில் மூளைக்கு ரத்தமும் ஆக்சிஜனும் குறைந்துபோன குழந்தைகளை லேசு, நடுத்தரம், கடுமை என்று மூன்று கட்டமாகப் பிரிப்பதுதான் சார்னாட் முறை. 1976இல் வந்தது.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். உடலைக் குளிரவைக்கும் சிகிச்சையைப் பிறந்து 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 33.5 டிகிரியில் 72 மணி நேரம் வைப்பார்கள். பெரிய மருத்துவமனை இருக்கும் ஈப்போவுக்கு ஆம்புலன்ஸ் ஓடும் நேரமும் அந்த ஆறு மணியில்தான் சேரும்.

பிறந்த சில நிமிடங்களில் குழந்தைக்குப் போடும் அப்கார் எண்ணை வைத்துக் கட்டம் சொல்லாதீர்கள், அது வேறு கணக்கு. ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். அது இறங்கினாலும் குழந்தை துவண்டு கிடக்கும்.

அப்புறம் ஆறு விஷயங்கள்: விழிப்பு, தானாக அசைவது, கை கால் இருக்கும் நிலை, தசை இறுக்கம், சப்புதலும் மோரோ அனிச்சையும் (திடுக்கிட்டதும் கைகளை விரிப்பது), கடைசியாகக் கண்மணி, இதயத்துடிப்பு, மூச்சு மூன்றும் சேர்ந்து ஒன்று.

விழிப்பில் அவசரப்படாதீர்கள். லேசு என்றால் கண்ணை அகல விழிக்கும், தொட்டாலே திடுக்கிடும். நடுத்தரம் என்றால் மந்தமாக இருக்கும், தூண்டினால் கொஞ்சம் அசைந்து மறுபடி அடங்கிவிடும். கடுமை என்றால் வலி கொடுத்தாலும் விழிக்காது. "பிள்ளை எவ்வளவு சாதுவா தூங்குது" என்று பாட்டிமார் மெச்சுகிற குழந்தையைத்தான் நான் இரண்டாவது முறை பார்ப்பேன். ஓயாமல் கத்துகிற குழந்தை எனக்கு அவ்வளவு பயம் தராது.

கண்மணி லேசில் விரிந்திருக்கும், துடிப்பு வேகம். நடுத்தரத்தில் சுருங்கியிருக்கும், துடிப்பு மெதுவு. கடுமையில் உடம்பு ஈரத்துணி போலத் துவளும், சப்புதலே இருக்காது.

சரி, எண்ணுங்கள். ஆறில் குறைந்தது மூன்று நடுத்தரமோ கடுமையோ ஆனால், அல்லது வலிப்பு வந்தால், உடனே நிபுணரைக் கூப்பிடுங்கள். நடுத்தரமும் கடுமையும் சமமாக வந்தால் விழிப்பு நிலையை வைத்து முடிவு செய்வார்கள்.

ஒரு முறை பார்த்ததோடு விடாதீர்கள், முதல் மணியில் லேசாக இருந்தது பிறகு மாறலாம். போனில் "ஒரு மாதிரியா இருக்கு" என்று சொல்லாமல் ஆறையும் வரிசையாக வாசியுங்கள். சூடு விளக்கை அணைக்கலாமா என்றும் அப்போதே கேளுங்கள். உடம்பு அதிகம் சூடேறுவது இந்தக் குழந்தைகளின் மூளைக்கு மேலும் கெடுதல்.