பிள்ளை கவுன்சில் பராமரிப்பில் இருக்கும்போது குடும்பம் செய்யக்கூடியவை

இங்கிலாந்தில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் பிள்ளை உள்ளூராட்சி மன்றத்தின் பராமரிப்புக்குச் சென்றுவிட்டால், "கவுன்சில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது" என்றுதான் உறவினரிடையே பேச்சு எழும். அந்தப் பேச்சில் வேதனை இருக்கிறதே தவிர விவரம் இல்லை. பிள்ளை எந்தச் சட்டப்பிரிவின் கீழ் பராமரிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே பெற்றோரின் நிலை அமைவதால், சமூகப் பணியாளரிடம் முதலில் அதையே கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தில் 20ஆம் பிரிவு என்பது பெற்றோரின் இணக்கத்தோடு நடக்கும் ஏற்பாடு. பொதுவாக, பெற்றோர் பொறுப்பு (பிள்ளை பற்றி முடிவெடுக்கும் சட்ட உரிமையும் கடமையும்) உடையவர் அந்த இணக்கத்தை எப்போதும் மீளப் பெற்றுப் பிள்ளையை அழைத்துச் செல்லலாம். ஆயினும் பிள்ளைக்கு ஆபத்து என்று கவுன்சில் கருதினால், உடனே நீதிமன்றத்தை நாடும். 31ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் பராமரிப்பு ஆணை பிறப்பித்தால், பெற்றோர் பொறுப்பு கவுன்சிலுக்கும் கிடைக்கிறது. தாய் தந்தையரின் பொறுப்பு அழிந்துவிடுவதில்லை, ஆனால் அதை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பதைக் கவுன்சில் கட்டுப்படுத்த முடியும். ஆகவே, விளங்காத தாளில் கையெழுத்து இடாதீர்கள். வழக்குத் தொடுக்க எண்ணியிருப்பதாகக் கவுன்சில் கடிதம் தந்தவுடனேயே, வருமானத்தைக் கணக்கில் எடுக்காத சட்ட உதவி பெற்றோருக்கு உண்டு. மொழிபெயர்ப்பாளரையும் கேட்டுப் பெறுங்கள். வீட்டில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த மூத்த பிள்ளையை அந்த வேலைக்கு அமர்த்துவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்து, பராமரிப்புத் திட்டம். பிள்ளை எங்கே, யாரோடு வாழும், யாரை எப்போது சந்திக்கும், கல்வியும் உடல்நலமும் எப்படிக் கவனிக்கப்படும் என்பனவெல்லாம் இந்த ஆவணத்தில் எழுதப்படுகின்றன. தொலைபேசியில் கிடைக்கும் உறுதிமொழி, சமூகப் பணியாளர் மாறும்போது அவரோடு போய்விடும்; திட்டத்தில் எழுதப்பட்டதைத்தான் அடுத்து வருபவரிடம் காட்டிக் கேட்க முடியும். பிள்ளையின் சமயம், இனம், பண்பாடு, மொழி ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளும் கடமையை 22ஆம் பிரிவு கவுன்சிலுக்கு விதிக்கிறது. ஆனால் படிவத்தில் "தமிழ், இந்து" என்று இரண்டு சொற்கள் இருப்பதால், பிள்ளையைத் தம் வீட்டில் வைத்துப் பார்க்கக் கவுன்சில் ஏற்றுக்கொண்ட அன்னியரான ஃபொஸ்டர் பராமரிப்பாளருக்கு எதுவும் புரிந்துவிடாது. வெள்ளிக்கிழமைகளில் மரக்கறிச் சாப்பாடு, வாரம் ஒருமுறை அம்மம்மாவோடு தமிழில் தொலைபேசிப் பேச்சு, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, கத்தோலிக்கக் குடும்பமாயின் ஞாயிறு பூசை, சுருண்ட தலைமுடிக்கு எந்த எண்ணெய் என்பது வரை சொல்லுங்கள். வீட்டில் நடைமுறையில் இல்லாதவற்றைக் கவுன்சிலுக்காகப் புதிதாகச் சேர்க்க வேண்டாம். பிள்ளையிடம் கேட்டால் உண்மை தெரிந்துவிடும், பிறகு நியாயமான கோரிக்கைகளும் மதிப்பிழக்கும்.

உறவினர்களுக்கு ஒரு வார்த்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெற்றோரிடம் பிள்ளை வாழ முடியாதபோது, பொருத்தமான உறவினரையோ குடும்ப நண்பரையோ பிறருக்கு முன்னதாகக் கவுன்சில் பரிசீலிக்க வேண்டும் என்பது சட்டம். தேவைப்படின், முழு மதிப்பீடு முடிவதற்கு முன்பே 16 வாரங்கள் வரை தற்காலிகமாக ஒருவரை ஃபொஸ்டர் பராமரிப்பாளராக ஏற்றுக்கொள்ள முடியும். ஆனால் நம்மிடையே வெட்கம் குறுக்கே வந்து நிற்கிறது. நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பெற்றோர் மறைக்க, அடுத்த நகரத்தில் இருக்கும் மாமாவுக்கோ சித்திக்கோ செய்தி எட்டும்போது மாதங்கள் கடந்துவிடுகின்றன. பராமரிப்பு வழக்கை 26 வாரங்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது பொது விதி. மதிப்பீட்டுக்கே பல வாரங்கள் செல்லும். ஆகவே முன்வர எண்ணும் உறவினர் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஃபொஸ்டர் பராமரிப்பாளராகவா, சிறப்புப் பாதுகாவலர் ஆணையின் (பிள்ளையை வளர்க்கும் பொறுப்பை நீதிமன்றம் உறவினர் போன்ற ஒருவரிடம் ஒப்படைக்கும் ஆணை) கீழா என்பதை முடிவெடுக்கும் முன் பண விடயத்தையும் தயங்காமல் கேளுங்கள்: முதலாவதில் மற்ற ஃபொஸ்டர் பராமரிப்பாளருக்குரிய பராமரிப்புப் பணம் உறவினருக்கும் உண்டு, இரண்டாவதில் உதவித்தொகை கவுன்சிலின் மதிப்பீட்டைப் பொறுத்தது.

பிள்ளை பராமரிப்புக்குச் சென்று 20 வேலை நாட்களுக்குள் முதல் மீளாய்வுக் கூட்டமும், அதன்பின் மூன்று மாதத்துக்குள் இரண்டாவதும், பிறகு குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் நடக்க வேண்டும். சுயாதீன மீளாய்வு அதிகாரி இதை நடத்துவார். அவர் பிள்ளையின் சமூகப் பணியாளருக்கு மேலாளர் அல்லர். திட்டம் நடைமுறையில் இருக்கிறதா என்று கேள்வி கேட்பதே அவருடைய வேலை. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே, ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் உங்கள் விருப்பங்களையும், சொல்லியும் நடக்காதவற்றையும் தேதியோடு எழுதி அவருக்கு அனுப்பிவிடுங்கள். பிள்ளை புதிய இடத்துக்குச் சென்ற முதல் வாரத்திலும், முதல் ஆண்டு முழுவதும் ஆறு வாரத்துக்கு ஒரு முறையாவதும் சமூகப் பணியாளர் நேரில் பார்க்க வேண்டும். அது நடக்கவில்லையென்றால் அந்த ஒரு பக்கத்தில் முதல் வரி அதுவாக இருக்கட்டும். கூட்டக் குறிப்பின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள்.

கல்விக்கெனத் தனித் திட்டம் உண்டு. பராமரிப்பில் உள்ள பிள்ளைகளின் கல்வியைக் கவனிக்கக் கவுன்சில் நியமிக்கும் மெய்நிகர் பள்ளித் தலைவர் என்னும் அதிகாரி அதற்குப் பொறுப்பு. பள்ளி அனுமதியில் இப்பிள்ளைகளுக்கு முதலுரிமை இருப்பதை அறிந்துகொள்ளுங்கள். மருத்துவ மதிப்பீடு ஐந்து வயதுக்குக் கீழ் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையும் நடக்கும். குடும்ப நோய் வரலாற்றை மறைக்காமல் கொடுங்கள். பிள்ளை தன் விருப்பத்தைக் கூற அஞ்சினால், பிள்ளையின் சார்பில் பேசும் சுயாதீனப் பேச்சாளரை (independent advocate; நீதிமன்ற வழக்கறிஞர் அல்லர்) கேட்டுப் பெறலாம்.

பதினாறு வயதானதும், பராமரிப்பை விட்டுச் செல்லும் காலத்துக்கான எதிர்காலப் பாதைத் திட்டம் தயாரிக்கப்பட வேண்டும். தகுதியுள்ள இளையோர் 25 வயது வரை தனி ஆலோசகரின் உதவியைக் கேட்கலாம். இரு தரப்பும் விரும்பினால் 21 வயது வரை ஃபொஸ்டர் வீட்டிலேயே தங்கவும் வழியுண்டு. இந்தக் கட்டத்துக்கு வெகு முன்னதாகவே பிள்ளையின் குடியுரிமை நிலையைத் தீர்த்துவைக்கும்படி வற்புறுத்துங்கள். பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, பெற்றோரின் உள்துறை அலுவலகக் கடிதங்கள் ஆகியவை பெரும்பாலும் குடும்பத்தின் கையிலேயே இருக்கின்றன. அவற்றின் பிரதிகள் கோப்பில் இல்லாததால் பதினெட்டு வயதில் வேலைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போக முடியாமல் நிற்பது தவிர்க்கக்கூடிய துன்பம்.

அவற்றோடு சில குடும்பப் புகைப்படங்களையும் கொடுத்தனுப்புங்கள். ஒவ்வொன்றின் பின்புறமும் அதில் இருப்பவர் யார், பிள்ளைக்கு என்ன முறை, எந்த ஊர், எந்த ஆண்டு என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினால், தமிழ் தெரியாத பராமரிப்பாளரும் படத்தைக் காட்டி அது யாரென்று பிள்ளைக்குச் சொல்ல முடியும்.