கறள் பிடிச்ச மொரிஸ் மைனர் ட்ரவலரை வீட்டிலயே திருப்பி எழுப்புறது எப்பிடி

அப்பா சாவகச்சேரியில வச்சிருந்தது நாலு கதவு மொரிஸ் மைனர் கார். இஞ்ச இங்கிலாந்துக்கு வந்த பிறகு நான் தேடித்தேடி வாங்கினது அதின்ர ஸ்ரேஷன் வாகன், பின்பக்கம் மரச்சட்டம் வெளியில தெரியிற ட்ரவலர். 1967ம் ஆண்டு வண்டி. ஒரு வீட்டுப் பின்வளவில பதினொரு வருஷம் தார்ப்பாய்க்குக் கீழ கிடந்தது. ரண்டரை வருஷம் சனி ஞாயிறுகளில வேலை செய்து றோட்டுக்குக் கொண்டு வந்தன். கனபேர் எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு கேக்கினம், அதால தெரிஞ்சதை ஒழுங்கா எழுதிவிடுறன்.

முதல்ல வண்டியைப் பற்றிக் கொஞ்சம். மைனர் 1948ல வந்தது, அலெக் இசிகோனிஸ் வடிவமைச்சது, பிறகு மினியைச் செய்ததும் அவர்தான். ட்ரவலர் 1953ல வந்து 1971 வரைக்கும் ஓடினது. 1956ல இருந்து 948 சிசி எஞ்சின், 1962ல இருந்து 1098 சிசி. பின்பக்கத்து மரம் அலங்காரம் எண்டுதான் பார்க்கிற ஆக்கள் நினைக்கினம். அப்பிடி இல்லை. பின்கூரையையும் பக்கத்து அலுமினியத் தகடுகளையும் தாங்குறதே அந்த மரச்சட்டம்தான். மரம் உக்கினால் எம்ஓடி சோதனையில (வண்டி றோட்டில ஓடத் தகுதியோ எண்டு இஞ்ச பாக்கிற சோதனை) வண்டியை விழுத்திவிடுவினம், சசி (அடிச்சட்டம்) உக்கினதும் மரம் உக்கினதும் அவைக்கு ஒண்டுதான். இதை மனசில வச்சால்தான் மிச்ச வேலை எந்த ஒழுங்கில போகவேணும் எண்டு விளங்கும்.

வாங்கப் போகேக்க பெயின்ற்றைப் பாக்காதேங்கோ, எஞ்சின் ஸ்ராட் ஆகுதோ எண்டும் பாக்காதேங்கோ, மைனர் எஞ்சின் பாகம் இண்டைக்கும் லேசா எடுக்கலாம். ஒரு சின்ன ஊசி உளி, ஒரு ரோர்ச், முழங்காலுக்குப் போட ஒரு பாய், இவ்வளவும் கொண்டு போங்கோ. கீழ படுத்து, முன் ஆசனத்துக்கு நேர கீழ இந்தப் பக்கத்தில இருந்து அந்தப் பக்கத்துக்கு ஓடுற குறுக்குச் சட்டத்தின்ர ரண்டு நுனியையும் பாருங்கோ, ஜக் போடுற இடம் அதுதான், அதுதான் முதல்ல போறது. ஜக் போட்டு உயர்த்தேக்க வண்டி எழும்பாம சட்டம் மட்டும் நொறுங்கிக்கொண்டு உள்ள போகுதெண்டால் விளங்கிக்கொள்ளுங்கோ. பிறகு கதவுக்குக் கீழ நீளத்துக்கு ஓடுற பெட்டி, சில் எண்டு சொல்லுறது (காரின்ர சில்லு இல்லை). பிறகு பின் லீஃப் ஸ்ப்ரிங் வந்து சசியில மாட்டுற இடங்கள், முன் சசிக் கால்கள், பற்றரி வைக்கிற தட்டு.

மரத்துக்கு வேற சோதனை. பின்சில்லுக்கு மேல வளைஞ்சு போற துண்டிலயும், பின்கதவுக்குக் கீழ மூலையிலயும், கூரைப்பீலிக்குக் கீழ ஓடுற நீளச்சட்டத்திலயும் உளியை மெதுவா அழுத்துங்கோ. நல்ல மரமெண்டால் உளி நிக்கும். என்ர வண்டியில சில்லுக்கு மேல இருந்த துண்டுக்க உளி ரண்டு அங்குலம் சத்தமில்லாமப் போச்சு, இழுக்க ஈரக் கோப்பித்தூள் மாதிரி ஒண்டு நுனியில ஒட்டிக்கொண்டு வந்தது, வெளியில வார்ணிஷ் மினுமினுத்துக்கொண்டு நிண்டது. பக்கத்துச் சறுக்குக் கண்ணாடி ஓடுற தவாளிப்புக்குள்ள பச்சைப்பாசி மொத்தமா வளந்திருந்தது. அந்தப் பாசிதான் கதை முழுக்கச் சொல்லுது: தண்ணி வடியிற ஓட்டை அடைபட்டிருக்கு, வருஷக்கணக்கா மரம் தண்ணியில ஊறியிருக்கு.

இந்த மரம் ஆஷ். எங்கட பாலை, முதிரை மாதிரி மழையில கிடந்தாலும் அசையாத மரம் இல்லை. வளையும், அதிர்வைத் தாங்கும், அதாலதான் சுத்தியல் பிடிக்கும் கிரிக்கெட் ஸ்ரம்புக்கும் இதை எடுக்கிறவை. ஆனா ஈரம் பட்டால் கெதியா உக்கும். கறுப்பாப் போன இடமெல்லாம் உக்கினது எண்டு நினைச்சுக் கழட்டி எறியாதேங்கோ. இரும்பு ஆணியும் ஈரமும் சேந்தால் ஆஷ் கறுக்கும், உள்ள நல்லாத்தான் இருக்கும். ஒக்ஸாலிக் அசிட் கரைசல் பூசினால் அந்தக் கறுப்பு வடிவா வெளுக்கும். கையுறை போடுங்கோ, அது நஞ்சு, வேலை முடிய நல்ல தண்ணியால கழுவி நாள்கணக்கா காய விடுங்கோ.

சரி, இனி வேலை. எல்லாரும் விடுற பிழை ஒண்டுதான், ஆசையில ஒரே கிழமையில எல்லாத்தையும் கழட்டிக் குவிக்கிறது. கழட்டினதோட வண்டி தன்ர வடிவத்தை மறந்துபோகும். நான் முதல் செய்த வேலை அளவெடுத்தது. கதவு வாசல் ரண்டிலயும் மூலைக்கு மூலை குறுக்கால அளந்து, கதவு இடைவெளியளை அளந்து, மாஸ்க்கிங் ரேப்பில எழுதி அந்தந்த இடத்திலயே ஒட்டினன், படமும் எடுத்து வச்சன். பிறகு கதவு வாசலுக்குள்ள சதுரக் குழாய் இரும்பை குறுக்கால தற்காலிகமா வெல்டிங்கால ஒட்டி விட்டன். சில் பெட்டியை வெட்டேக்க வண்டி நடுவில தொய்யும், தொய்ஞ்சபடியே புதுசை ஒட்டினால் பிறகு ஒரு நாளும் கதவு பூட்டாது. ஒரு பக்கம் முடிச்சுப்போட்டுத்தான் மற்றப் பக்கம், இது மரத்துக்கும் இரும்புக்கும் பொதுவான சட்டம். மரமும் சில் பெட்டியும் ஒரே நேரத்தில கழண்டு கிடக்கக் கூடாது.

இரும்பு முதல், மரம் பிறகு. ஏனெண்டால் கீழ் மரச்சட்டம் வந்து குந்துறது பின்சில்லின்ர உள்வளைவுத் தகட்டிலயும் தரைத் தகட்டிலயும், புது மரம் பூட்டினாப் பிறகு அந்தத் தகட்டைத் தொடவே ஏலாது. அவசரப்பட்டு மரத்தை முதல்ல மாத்தி, ரண்டு வருஷத்தில திரும்பக் கழட்டின ஆக்களை எனக்குத் தெரியும்.

வெல்டிங் தொடங்க முதல் பெற்றோல் ராங்கைக் கழட்டி வெளியில தூரத்தில வையுங்கோ. ட்ரவலரில ராங் பின்தரைக்குக் கீழதான் இருக்கு, வேலை செய்யிற இடத்துக்குப் பக்கத்தில. வெறும் ராங் நிறைஞ்ச ராங்கை விட மோசம், உள்ள ஆவிதான் வெடிக்கிறது. பற்றரியையும் கழட்டுங்கோ. பழைய அடித்தார் பூச்சு தகட்டுக்குப் பின்னால மெதுவாப் புகைஞ்சு பிறகுதான் பத்தும், அதால தீயணைப்பான் பக்கத்தில இருக்கட்டும், வேலை முடிஞ்சு ஒரு மணித்தியாலம் கராஜை விட்டுப் போகாதேங்கோ. வண்டி அக்ஸில் ஸ்ராண்டில (வண்டியைத் தாங்குற இரும்புக் கால்) நிக்கட்டும், ஜக்கை மட்டும் நம்பிக் கீழ போறது எந்தக் காலத்திலயும் வேண்டாம். பழைய பெயின்ற்றில ஈயம் இருக்கும், காய்ஞ்சபடி தேய்க்காம தண்ணி போட்டுத் தேயுங்கோ, நல்ல மாஸ்க் போடுங்கோ. பிறேக் தூசியைக் காத்தடிச்சுப் பறக்க விடாதேங்கோ, அந்தக் காலத்து லைனிங்கில அஸ்பெஸ்ரஸ் இருக்கும்.

வீட்டு வேலைக்கு கேஸ் போடுற சின்ன மிக் வெல்டர் (கம்பியைத் தானே தள்ளிக்கொண்டு ஒட்டுற மின் வெல்டர்) காணும். 0.6 மில்லிமீற்றர் கம்பி, ஆகன் கலந்த கேஸ். உக்கின தகட்டுக்கு மேல புதுத் தகடு வச்சு ஒட்டுறது வேலையே இல்லை. என்ர வண்டியில முந்தி ஆரோ அப்பிடித்தான் செய்திருந்தவை, ஒரு சில் பெட்டிக்குள்ள மூண்டு படை தகடு, இடையில பள்ளம் நிரப்புற ஃபில்லர் பசை, அதுக்கும் உள்ள கசக்கின பேப்பர். வெட்டி வெளியில எடுத்த அண்டைக்கு எனக்குக் கோவத்தை விட பயம்தான் வந்தது, இந்த வண்டியில ஆரோ குடும்பத்தை ஏத்திக்கொண்டு ஓடியிருக்கினம் எண்டு. வெட்டேக்க கண்ணுக்குத் தெரியிற கறளுக்கு அப்பால ஒரு அங்குலமாவது வெட்டுங்கோ, தகடு வெள்ளியா மினுங்குற இடம் வரைக்கும். மெல்லிசான தகட்டில வெல்ட் நிக்காது, ஓட்டை பெரிசாகிக்கொண்டே போகும். எனக்கும் முதல் மாசம் அப்பிடித்தான் போச்சு, பிறகு பழைய கதவுத் தகட்டை வெட்டி மேசையில வச்சு நாலு சனிக்கிழமை பழகினன்.

புதுத் தகடு பழசின்ர தடிப்புக்குக் குறையக் கூடாது. சில், தரை மாதிரிப் பாரம் தாங்குற இடத்துக்கு நான் 1.2 மில்லிமீற்றர் போட்டன். முதல்ல கடதாசி மட்டையில வடிவம் வெட்டிப் பாத்து, சரி வந்தாப் பிறகு தகட்டில கீறுங்கோ. நீளமா ஒரே இழுவையில ஒட்டினால் சூட்டுக்குத் தகடு அப்பளம் மாதிரி நெளிஞ்சிடும், அதால இஞ்ச ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு, பிறகு எதிர்ப்பக்கம் ஒண்டு, இப்பிடியே மாறி மாறிப் பொட்டு வச்சு இடைவெளியை நிரப்பிக்கொண்டு வாங்கோ. ஒண்டுக்கு மேல ஒண்டு படியிற இடத்தில நாகம் (சிங்க்) கலந்த ப்ரைமரை முதலே பூசிவிடுங்கோ, அந்த இடுக்குக்குள்ள பிறகு பிரஷ் போகாது. சில், குறுக்குச் சட்டம் ரண்டும் முடிஞ்சாப் பிறகு கதவைப் போட்டுப் பூட்டிப் பாருங்கோ, ரேப்பில எழுதின அளவோட ஒப்பிடுங்கோ, சரியெண்டால்தான் உள்ளுக்குப் போட்ட தாங்கிக் குழாயைக் கழட்டலாம்.

பாகங்கள் எல்லாம் கிடைக்கும், மைனருக்கு இங்கிலாந்தில நல்ல ஆதரவு இருக்கு. எங்கட ஆக்களுக்கு ஒரு விசயம் சொல்லவேணும், 1990களில இலங்கையில காலி நகரப் பக்கத்தில மைனர் பாகங்கள் செய்யிற தொழிற்சாலை ஒண்டு தொடங்கினது, அங்க அடிச்ச தகடுகள் கப்பலேறி இஞ்ச வந்தது. இலங்கையில அவ்வளவு மைனர் ஓடினது, கைவேலை தெரிஞ்ச ஆக்களும் இருந்தவை. அதை வாசிச்ச அண்டைக்கு எனக்கு உண்மையாவே நெஞ்சு நிறைஞ்சது.

கீழ கிடக்கேக்கயே முன் சஸ்பென்ஷனையும் பாத்துவிடுங்கோ. ட்ரனியன் எண்டு ஒரு மரையுள்ள மூட்டு, முன்சில்லு திரும்புறதே அதிலதான். கிறீஸ் இல்லாம மரை தேஞ்சால் ஓடிக்கொண்டிருக்கேக்க சில்லு மடிஞ்சு வண்டிக்குக் கீழ போகும். ஆயிரம் மைலுக்கு ஒருக்கா கிறீஸ் அடிக்கவேணும், இதில சோம்பல் கூடாது. பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின்ர காலடித் தரைக்குக் கீழ சசிக்குள்ள ஒளிச்சு இருக்கு, தரைத் தகடு திறந்திருக்கேக்கயே மாத்துறது புத்தி.

இனி மரம். துண்டு துண்டா வாங்கிறதை விட, பொருத்தி முடிச்ச முழுப் பக்கமா வாங்குங்கோ, செலவு கூடத்தான், ஆனா மூட்டுகள் நேரா இருக்கும். உள்ளுக்குக் கூரையை ரண்டு கட்டையால முட்டுக்குடுத்துப்போட்டு, கண்ணாடி, கூரைத்துணி, அலுமினியத் தகடு எண்டு ஒவ்வொண்டாக் கழட்டி, தரையோட பிடிச்சிருக்கிற போல்டுகளை எடுங்கோ. பாதி போல்டு கறளில உடையும், நாளுக்கு ரண்டு தரம் எண்ணெய் விட்டு ஒரு கிழமை ஊறவிட்டால் மிச்சம் பாதியாவது கழரும். பழைய மரத்தை எறியாதேங்கோ, புதுசில ஓட்டை போடுறதுக்கு அதுதான் அளவுகோல்.

புது மரத்தைப் பூட்ட முதல், வெளியில தெரியாத முகங்களுக்குத்தான் கூடக் கவனம் வேணும். மரத்தின்ர வெட்டுமுனையாலதான் தண்ணி உள்ள ஏறும், ஸ்ரோவால உறிஞ்சுற மாதிரி. வெட்டுமுனையளையும் இரும்பில படியிற அடிப்பக்கத்தையும் உக்காம இருக்கிற மருந்தை மரம் குடிக்கக் குடிக்கப் பூசினன், மூண்டு நாள் விட்டு விட்டு, அது இனி வேண்டாம் எண்டு மேல நிக்கும் வரைக்கும். இரும்புக்கும் மரத்துக்கும் இடையில எப்பவும் இறுகாத மாஸ்ரிக் (இடுக்கு அடைக்கிற பசை). திருகாணியெல்லாம் ஸ்ரெயின்லெஸ், முதலே சின்ன ஓட்டை போட்டுத்தான் திருகவேணும், இல்லாட்டி ஆஷ் பிளக்கும். மேற்பூச்சுக்குத் தடிச்ச கண்ணாடி வார்ணிஷ் வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். ஒரு கீறல் விழுந்தால் அதாலை ஈரம் போய் உள்ளுக்கயே மாட்டுப்படும், வெளியில மினுக்கம், உள்ள உக்கல். மரம் மூச்சு விடுற பூச்சு போடுங்கோ, வருஷா வருஷம் ஒரு கை பூசுறது பெரிய வேலை இல்லை.

பெயின்ற்றில நான் பெரிசா நிக்கேல்ல. எபொக்சி ப்ரைமர், அதுக்கு மேல பழங்கால எனாமல், பிரஷ்ஷாலயே அடிச்சுத் தேச்சு எடுத்தன். ரண்டு கலவை சேக்கிற பெயின்ற்றை வீட்டில ஸ்ப்ரே பண்ணாதேங்கோ, அதில இருக்கிற ஐசோசயனேற் சாதாரண மாஸ்க்குக்கு அடங்காது, நுரையீரலைக் கெடுக்கும்.

பெயின்ற் காய்ஞ்சாப் பிறகு சில், சசிக் கால், குறுக்குச் சட்டம் எல்லாத்துக்கும் உள்ளுக்க மெழுகு அடிக்கவேணும், இதை விட்டால் செய்த வெல்டிங் எல்லாம் பத்து வருஷத்தில திரும்பவும் கறள். மெழுகு ரின்னைச் சுடுதண்ணி வாளிக்குள்ள வச்சுச் சூடாக்கினால் இளகி இடுக்கெல்லாம் ஓடும். அடிச்சு முடிய கீழ தண்ணி வடியிற ஓட்டையள் ஒவ்வொண்டிலயும் கம்பி விட்டுத் திறந்து விடுங்கோ.

40 வருஷம் கடந்த, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 2018 மே மாசத்தில இருந்து இஞ்ச எம்ஓடி கட்டாயம் இல்லை. நான் எண்டாலும் கொண்டுபோய்க் காட்டினன், வருஷா வருஷம் காட்டுறன். என்ர வெல்டிங்கை என்ர கண்ணால மட்டும் பாத்தால் காணாது, இன்னொரு ஆள் சுத்தியலால தட்டிப் பாக்கவேணும்.

வெளியில எடுக்க முதல் கடைசி வேலை ஒண்டு. ஒரு ஆள் உள்ளுக்க ரோர்ச்சோட இருக்க, மற்றாள் குழாயால கூரைப்பீலிக்கும் சறுக்குக் கண்ணாடிக்கும் கால் மணித்தியாலம் தண்ணி அடிக்கவேணும். எங்கட வீட்டில உள்ளுக்க இருந்தது மகள். இடப்பக்கக் கண்ணாடிக்குக் கீழ ஒரு துளி வந்தது எண்டு கூப்பிட்டாள், கழட்டிப் பாக்க தவாளிப்பில ஒரு ஓட்டை மாஸ்ரிக்கில அடைபட்டிருந்தது. ஊசியால குத்தித் திறந்து திரும்ப அடிச்சம், தண்ணி எல்லாம் சில்லுக்குப் பின்னால நிலத்தில வடிஞ்சுது.