எட்டு போட்டதோடு மறந்துவிடும் பாடம்: வளைவில் செய்யும் தவறுகள்

ஆர்.டி.ஓ. மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினோம், லைசென்ஸ் வந்தது. வளைவைப் பற்றி நம்மில் பலருக்குக் கிடைத்த ஒரே பாடம் அதுதான். அப்புறம் சென்னையில் ஓட்டுகிறவர்களுக்கு நல்ல வளைவு கண்ணில் படுவதே அபூர்வம். ஓ.எம்.ஆர். நீட்டுக்கு நேராகப் போகிறது, ஊருக்குள் வந்தால் சிக்னலும் யூ-டர்னும். பத்து வருஷம் ஓட்டிய கை என்றாலும், வண்டி சாய்ந்திருந்த நேரத்தை மட்டும் கூட்டினால் ஒரு முழு நாள் தேறுமா என்பது சந்தேகம். இந்தக் கையை வைத்துக்கொண்டுதான் ஒரு சனிக்கிழமை விடியற்காலை நண்பர்களோடு ஏலகிரிக்குக் கிளம்புகிறோம்.

எங்கள் தெருவில் புது பைக் எடுத்த தம்பிகள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, இந்த வண்டி எவ்வளவு சாயும்?" அதற்கு ஒரு நம்பர் சொல்ல முடியாது. டயர், அதில் இருக்கும் காற்று, அன்றைய ரோடு, ரோட்டில் கிடக்கும் மணல், ஓட்டுகிறவரின் வலது கை எல்லாம் சேர்ந்துதான் அந்த நொடிக்கான எல்லையைத் தீர்மானிக்கின்றன. காலையில் இருந்த எல்லை, சாயங்காலம் ஒரு தூறல் போட்ட பிறகு இருக்காது.

வேகத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்பது

எல்லையைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலோர் கையாளும் வழி இது. ஒரே வளைவில் 30-இல் போவார்கள், ஒன்றும் ஆகாது. 40-இல் போவார்கள், ஜாலியாக இருக்கும். சரி, 50-இல் போய்ப் பார்ப்போம் என்று தோன்றும்.

கணக்கைப் பாருங்கள். 20 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவு. 30 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க வண்டி ஏறக்குறைய 20 டிகிரி சாய வேண்டும். 40-இல் 32 டிகிரி. 50-இல் 45 டிகிரிக்குப் பக்கத்தில் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் டயர் பக்கவாட்டில் தாங்க வேண்டிய சுமை நான்கு மடங்காகிறது என்பதால் வரும் வினை இது. 45 டிகிரி என்றால், வண்டியும் ஆளும் சேர்ந்து எவ்வளவு எடையோ அவ்வளவு சுமையை டயர் பக்கவாட்டிலும் தாங்கியாக வேண்டும். நல்ல டயரும் சுத்தமான காய்ந்த தாரும் இருந்தால்கூட அது விளிம்பு. ரோடு நனைந்து, எடையில் பாதியைத்தான் பக்கவாட்டில் தாங்கும் என்ற நிலை வந்தால், அதே வளைவில் 35-ஐத் தாண்டும்போதே டயர் கைவிட்டுவிடும். 40-இல் ஜாலியாக இருந்ததே, அந்த வளைவுதான்.

வண்டியின் உடம்பிலும் ஒரு எல்லை இருக்கிறது. நாம் தினமும் ஆபீசுக்கு ஓட்டும் வண்டிகளில் டயர் விடுவதற்கு முன்பே ஏதாவது ஒன்று தரையைத் தொட்டுவிடும். ஃபுட்ரெஸ்ட் உரசினால் மடங்கிக்கொடுக்கும். அது ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். சைலன்சரும் மெயின் ஸ்டாண்டும் மடங்காது. அவை தரையில் முட்டினால் பின் டயரையே தூக்கிவிடும், வண்டி படுத்துவிடும். சில பைக்குகளில் ஃபுட்ரெஸ்ட் நுனியிலிருந்து கீழ்நோக்கி ஒரு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும். அழகாக இல்லை என்று அதைக் கழற்றி எறிகிறவர்கள் உண்டு. தரை நெருங்குகிறது என்று முதலில் சொல்ல வேண்டியதே அந்த போல்ட்தான்.

இன்னொன்று, எட்டை நாம் மறந்தே இருக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கான காரணம். சாய்வு வேகத்தை மட்டும் பொறுத்ததில்லை, வட்டத்தின் அளவையும் பொறுத்தது. 6 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் வெறும் 20 கிலோமீட்டர் வேகத்திலேயே 28 டிகிரி சாய்வு வந்துவிடும். முன்பு பார்த்த 20 மீட்டர் வளைவில் அதே சாய்வு வர 36, 37-இல் போக வேண்டும். டயருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விழுகிற உடம்புக்கு ஒன்றில்லை. 20-இல் விழுந்தால் முட்டி சிராய்க்கும். 60-இல் விழுந்தால் உடம்பில் இறங்கும் ஆற்றல் அதைப்போல ஒன்பது மடங்கு. சாய்வைப் பழக வேகமே தேவையில்லை என்பதை ஏனோ யாரும் சொல்லித்தருவதில்லை.

பயத்தில் கை செய்யும் வேலை

நான் விழுந்த கதை ரொம்பச் சின்னது. ஆகஸ்ட் மாதத் தூறல், மேம்பாலத்திலிருந்து இறங்கும் வளைவு, வேகம் 35-கூட இருக்காது. இரண்டு கான்கிரீட் பலகைகளுக்கு நடுவே இருக்கும் இரும்பு இணைப்பைக் கண்டதும் பதறினேன். ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக விட்டு, பின் பிரேக்கை மிதித்தேன். பின்பக்கம் விலகிப் போனதை உணர்வதற்குள் தோள்பட்டை தரையில். இரும்பின் மேல் ஒன்றும் செய்யாமல் போயிருந்தால் லேசாக வழுக்கி மறுபடி பிடித்திருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

டயரின் பிடிப்பை மாதச் சம்பளம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சாய்வு என்பது வாடகை, பிரேக் என்பது மளிகை. முழுச் சம்பளமும் வாடகைக்குப் போய்விட்ட மாதத்தில் மளிகைக்கடைக்குப் போனால் கையில் என்ன இருக்கும்? அதனால்தான் பிரேக் வேலையை வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். கியரும் அப்போதே குறைந்திருக்க வேண்டும். உள்ளே நுழைந்த பிறகு ஆக்சிலரேட்டரை மெல்ல, ஒரே சீராகத் திறந்துகொண்டே போனால் எடை இரண்டு டயர்களுக்கும் சரியாகப் பங்காகும். நடுவில் பட்டென்று விட்டால் எடை மொத்தமும் முன் டயரில் இறங்கும்; ஏற்கெனவே சாய்வைச் சமாளித்துக்கொண்டிருக்கும் டயர் அது.

"என் வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறதே" என்பார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்கும் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளிலும் ஏபிஎஸ் கட்டாயம்தான். ஆனால் சாதாரண ஏபிஎஸ்ஸுக்கு வண்டி சாய்ந்திருக்கிறதா, நிமிர்ந்திருக்கிறதா என்று தெரியாது. சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுப்பதுதான் அதன் வேலை. சாய்வைக் கணக்கில் எடுக்கும் கார்னரிங் ஏபிஎஸ் விலை கூடிய சில பைக்குகளில் மட்டும் வருகிறது. அதற்கும் சம்பளம் அதே சம்பளம்தான்.

பிரேக்கைவிட மோசமான எதிரி கண். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கே போவோம், எதிரே வரும் லாரியைப் பார்த்தால் லாரியை நோக்கியே போவோம். எட்டு போடும்போது யார் கால் ஊன்றினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். முன் சக்கரத்தையே குனிந்து பார்த்தவர்கள்தான். அடுத்த வளையத்தின் பக்கம் தலையைத் திருப்பியவர்கள் சுலபமாக முடித்தார்கள். வளைவிலும் தலை முழுசாகத் திரும்பி, வெளியே போகும் வழியைப் பார்க்க வேண்டும். வண்டி பின்னாலேயே வரும்.

ஹேண்டில் விஷயமும் இதோடு சேர்ந்தது. இடது பக்கம் சாய வேண்டுமானால் இடது கைப்பிடியை முன்னால் லேசாகத் தள்ள வேண்டும். கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் சைக்கிள் ஓட்டிய காலத்திலிருந்து தெரியாமலே அதைத்தான் செய்துவருகிறோம். தெரிந்து செய்யப் பழகினால், வளைவு நினைத்ததைவிட இறுக்கமாகிவிட்டாலும் இன்னும் கொஞ்சம் தள்ளித் தப்பிக்கலாம். தெரியாதவர் அந்த நேரத்தில் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராக வெளியே போவார்.

டயரைப் பார்த்துப் பெருமைப்படுவது

டயரின் ஓரத்தில் தேயாமல் இருக்கும் பட்டையைக் காட்டி, இவ்வளவுதான் சாய்த்தாயா என்று ஒருவரை ஒருவர் கேலி செய்வது பையன்களிடம் ஒரு வழக்கம். ஓரம்வரை தேய்த்தே தீருவேன் என்று கத்திப்பாரா மேம்பாலத்தின் சுற்றுகளில் நள்ளிரவில் முழங்காலை நீட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சுற்றில் முழு வளைவும் கண்ணுக்குத் தெரியாது. பாதியில் ஒரு ஆட்டோ பஞ்சராகி நின்றால் ஒதுங்க இடமில்லை, பக்கத்தில் சுவர்.

பார்க்க வேண்டியது ரோடு. ஈ.சி.ஆரில் கடற்கரைப் பக்கத் திருப்பங்களில் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல். தண்ணி லாரி சிந்திக்கொண்டே போன தடம். பஸ் டிப்போ வாசல் திருப்பத்தில் டீசல். மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகடுகள், பாதாளச் சாக்கடை மூடிகள், மழையில் சோப்பு மாதிரி ஆகிவிடும் வெள்ளைக் கோடுகள். கோடைக்குப் பிறகு வரும் முதல் மழையின் முதல் அரைமணி நேரம் மிகவும் மோசம். மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் தூசியும் மேலே மிதந்து வரும். அன்றைக்கு நான் டீக்கடையில்தான் இருப்பேன்.

டயரைப் பற்றிச் சுருக்கமாக. காற்றை வண்டி சூடாவதற்கு முன் பார்க்கவும், ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கே பிடிக்கவும். புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். முதல் 100, 150 கிலோமீட்டர் அடக்கி ஓட்டினால்தான் சொரசொரப்பு வரும். பக்கச்சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் தயாரானது. கோடுகள் தேயாமல் ஆழமாக இருந்தாலும் இறுகிப்போன பழைய ரப்பர் பிடிக்காது. மலிவாகக் கிடைக்கிறதே என்று, தேய்ந்த டயரில் மறுபடி கோடு வெட்டி விற்பதை வாங்காதீர்கள்.

மலையில்

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். போட்டோ எடுக்க நன்றாக இருக்கும். ஓட்டும்போது கவனிக்க வேண்டியது வலது வளைவு. நாம் இடது பக்கம் போகிறவர்கள். வலது வளைவில் நடுக்கோட்டை ஒட்டி டயரை வைத்துச் சாய்ந்தால், டயர் நம் பக்கம் இருக்கும், தலை எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். இறங்கி வரும் பஸ் டிரைவருக்கு நம் தலை இருக்கும் இடம் அவருடைய ரோடு. இடது வளைவில் ஆபத்து வேறு மாதிரி: சீக்கிரமே உள்ளே திரும்பிவிட்டால் முடியும் இடத்தில் வண்டி தானாக எதிர்ப்பக்கம் அகலும். கொஞ்சம் பொறுத்து, வெளிவழி கண்ணில் பட்ட பிறகு சாய்த்தால் அந்த அவஸ்தை இல்லை.

கும்பலாகப் போகும்போது முன்னால் போகிறவரின் வேகத்தைத் தன் வேகமாக எடுத்துக்கொள்வதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. அவருக்கு அந்தப் பாதை பழக்கமாக இருக்கலாம், அவர் டயர் புதிதாக இருக்கலாம், அவர் பின்னால் யாரும் உட்கார்ந்திருக்காமல் இருக்கலாம். கொல்லிமலையில் 70 வளைவுகள். இப்படித் துரத்துகிறவருக்குப் பாதி மலை ஏறுவதற்குள்ளேயே தோளும் மணிக்கட்டும் இறுகிப்போய்விடும்.

எங்கே பழகுவது

முதலில் ஒரு காலி மைதானம், கேட்டு அனுமதி வாங்கி. மணல் இல்லாத சிமென்ட் அல்லது தார்த் தரை. பத்துப் பன்னிரண்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு தண்ணீர் பாட்டில்; அவற்றைச் சுற்றி எட்டு. ஹெல்மெட், கையுறை, முழங்கை முழங்கால் கவசம், கணுக்காலை மூடும் ஷூ எல்லாம் மைதானத்துக்கும் சேர்த்துத்தான். ஒரு தடவைக்கு ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள்: இன்று பார்வை, அடுத்த வாரம் ஆக்சிலரேட்டர், அதற்கடுத்துதான் வேகம், அதுவும் இரண்டு மூன்று கிலோமீட்டர். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எதனால் வண்டி தடுமாறியது என்றே தெரியாது.

அதற்கு மேல் ஆசை இருந்தால் நம் ஊருக்கு ஒரு பாக்கியம் இருக்கிறது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலம் போய், 1990-இலிருந்து இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்கு முறையான டிராக் இருக்கிறது. அங்கே சாதாரண ஆட்களுக்கும் பயிற்சி முகாம்கள் நடக்கும். லெதர் சூட் கட்டாயம், செலவும் கொஞ்சம் கடிக்கும். ஆனால் எதிரே வண்டி வராது, மாடு வராது, ஓரத்தில் விலகி ஓட இடம் உண்டு, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். எல்லாவற்றையும்விட, அதே வளைவு ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் காத்திருக்கும். நான் போன முதல் நாளில் பயிற்சியாளர் பிரேக்கைத் தொடவே விடவில்லை, ஒரே கியரில் சுற்றச் சொன்னார். காலையில் எரிச்சலாக இருந்தது. மத்தியானத்துக்கு மேல்தான் கவனித்தேன், வளைவுக்குள் நுழையும்போது ஹேண்டிலைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்திருந்தன.