மைக் இருக்கும் அறையிலேயே கணினியும் இருந்தால்

வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய ஒரு கணினி கட்டப்போகிறேன், எந்த பிராசஸர் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், மைக்கை எந்த அறையில் வைக்கப்போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். பெரிய ஸ்டுடியோக்களில் மைக் ஓர் அறையில், கணினி வேறோர் அறையில். நம் வீடுகளில் இரண்டுக்கும் நடுவே நாலடிகூட இருக்காது. நான் அதிகம் பதிவு செய்வது வீணை. மீட்டிய தந்தியின் நாதம் தேய்ந்து அடங்கும் அந்தக் கடைசி நொடிகளில் கேபினெட் ஃபேனின் இரைச்சல் தெளிவாகக் கேட்டுவிடும். அதனால் இந்தக் கணினிக்கு அமைதிதான் முதல் தகுதி. வேகமெல்லாம் அப்புறம்.

டேக் எடுக்கும்போது, அதாவது பதிவு ஓடும்போது, சீலிங் ஃபேனையும் ஏசியையும் நிறுத்திவிடுவோம். சென்னையில் மே மாதம் ஜன்னலைச் சாத்திய அறை எவ்வளவு சீக்கிரம் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிராசஸரின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை வெளியேற்றும் கூலர், குளிர்ந்த அறையில் சத்தமில்லாமல் ஓடும்; இங்கே விசிறியை முடுக்கிவிடும். ஆகவே சூட்டைக் குறைவாகக் கக்கும் பிராசஸர், அதற்குத் தேவையானதைவிட ஒரு படி பெரிய கூலர், இந்த இரண்டையும் முதலில் முடிவு செய்யுங்கள்.

65 வாட் வகை பிராசஸர் போதும். ஏஎம்டியில் ரைசன் 5 7600, இன்டெலில் ஐ5-12400 போன்றவை. இரண்டிலும் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. மாடல் எண்ணின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அது இருக்காது, கடையில் கவனமாகப் பாருங்கள். ஒரு டிராக்கில் அடுக்கிய பிளக்-இன்கள் (ஒலியை மெருகேற்றும் சின்ன மென்பொருள்கள்) ஒன்றுக்குப் பின் ஒன்றாகத்தான் வேலை செய்ய முடியும். முந்தையது முடிக்கும்வரை அடுத்தது காத்திருக்கும். அதனால் பதினாறு கோர் இருப்பதைவிட, ஒவ்வொரு கோரும் வேகமாக இருப்பதுதான் நமக்கு உதவும். பெட்டியோடு வரும் சின்னக் கூலரை எடுத்து வைத்துவிட்டு, 120 மில்லிமீட்டர் விசிறி கொண்ட டவர் கூலர் போடுங்கள். உதாரணத்துக்கு, நாக்டுவா என்எச்-யு12எஸ் என்ற கூலர் 158 மில்லிமீட்டர் உயரம். கேபினெட்டுக்குள் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று அளவு பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். கேபினெட்டிலும் பெரிய விசிறிகளே நல்லது. அதே காற்றை மெதுவாகச் சுற்றியே தள்ளிவிடும்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். அதற்கும் விசிறி உண்டு, சில கார்டுகளில் சுருள்கள் மெல்லிய கீச்சொலி எழுப்பும், சிலவற்றின் டிரைவர் ஆடியோவின் ஓட்டத்தைத் தடுத்து 'டக்' என்ற வெட்டை உண்டாக்கும். அந்தப் பணத்தை மைக்குக்கும், மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும் போடுங்கள்.

ராம் விஷயம் சுலபம். குரல், வாத்தியம் மட்டும் என்றால் 16 ஜிபி; ஆர்கெஸ்ட்ரா சாம்பிள்களை ஏற்றி இசையமைப்பவர் என்றால் 32. இரண்டு குச்சிகளாக வாங்குங்கள். சேமிப்புக்குச் சத்தமே போடாத எஸ்எஸ்டி மட்டும் போதும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.64 எம்பிதான் பிடிக்கும். மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று மைக் வைத்து, கூடவே வீணை, வயலின், தம்புரா சேர்த்தாலும் எந்த எஸ்எஸ்டியும் திணறாது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கை பேக்கப்புக்கு மட்டும் வெளியே வைத்து, பதிவின்போது கழற்றிவிடுங்கள்.

மதர்போர்டில் பின்பக்க யுஎஸ்பி வாய்கள் நிறைய இருக்கட்டும். இன்டர்ஃபேஸை அங்கேதான் நேராகச் செருக வேண்டும், ஹப் வழியாக வேண்டாம். கணினி ஒலியை ஒவ்வொரு தடவையும் எவ்வளவு சேர்த்துவைத்துக் கையாள்கிறது என்பதுதான் பஃபர். அதை 256 சாம்பிள் வைத்தால் 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிக்கு 5.3 மில்லிநொடி தாமதம். 128 வைத்தால் அதில் பாதி. பாடுபவர், கணினிக்குள் போகாமல் இன்டர்ஃபேஸிலிருந்தே நேராகக் கேட்கும் டைரக்ட் மானிட்டர் வழியாகத் தன் குரலைக் கேட்டால் இந்தக் கவலையே இல்லை. கீபோர்டில் மென்பொருள் வாத்தியம் வாசிப்பவருக்குத்தான் சின்ன பஃபர் வேண்டும்.

கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் கஞ்சத்தனம் கூடாது. இந்தக் கணினி மொத்தமே 200 வாட்டைத் தாண்டுவது அரிது. ஆனாலும் பெயருள்ள நிறுவனத்தின் 550 வாட், கோல்டு தரச்சான்று உள்ளதை வாங்குங்கள். குறைந்த சுமையில் விசிறியே சுற்றாத மாடல்கள் உண்டு. அதைவிட முக்கியம் சுவரில் இருக்கும் எர்த். பழைய வீடுகளில் மூன்றாவது துளை எதோடும் இணைக்கப்படாமல் சும்மா இருக்கலாம். எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்துவிடுங்கள். கணினி, இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே பாயின்ட்டிலிருந்து எடுத்து, வெளி இரைச்சலைத் தடுக்கும் பேலன்ஸ்டு கேபிள் போட்டால், மின்சாரத்தால் வரும் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' பெரும்பாலும் அடங்கிவிடும். அதை நிறுத்த பிளக்கின் எர்த் பின்னை உடைப்பவர்கள் இருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்து, தயவுசெய்து செய்யாதீர்கள். யுபிஎஸ் வாங்கினால், சுவர் மின்சாரத்தைப் போலவே சீரான அலையைத் தரும் ப்யூர் சைன்வேவ் வகை வாங்கி, முடிந்தால் கதவுக்கு வெளியே வையுங்கள்.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் வாங்குவதாக இருந்தால் ஒவ்வொரு பாகத்துக்கும் சீரியல் எண் எழுதிய பில் கேளுங்கள், வாரன்டிக்கு அது வேண்டும். கட்டி முடித்ததும், எந்த டிரைவர் ஆடியோவைத் தடுக்கிறது என்று காட்டும் லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். சிவப்பு வந்தால் முதலில் வைஃபை டிரைவரைப் பாருங்கள். பிறகு மதிய வெயிலில் அறையைச் சாத்தி, மைக் கெயினை ஏற்றி, யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்து ஹெட்ஃபோனில் கேளுங்கள். விசிறிச் சத்தம் கேட்டால் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) அதன் வேகத்தைக் குறைக்கலாம். பிராசஸரின் சூடு எண்பது டிகிரியைத் தாண்டாதவரை குறைத்துக்கொண்டே போகலாம்.