மேட் தெரிந்தும் போடாத எஞ்சின்

போன டிசம்பரில் கோத்தகிரி வீட்டில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நான் எழுதிய செஸ் எஞ்சினோடு, அதாவது செஸ் ஆடும் புரோகிராமோடு, இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். ராஜாவையும் யானையையும் வைத்துக்கொண்டு தனி ராஜாவை அதனால் தப்ப வழியில்லாமல் மடக்கி மேட் போட முடியவில்லை. ‘மூன்று நகர்த்தலில் மேட்’ என்று காட்டும். அடுத்த நகர்த்தலிலும் அதே மூன்றுதான். இப்படியே 50 நகர்த்தல் ஓடி ஆட்டம் டிரா.

முதலில் நகர்த்தல்களை உருவாக்கும் பகுதியைச் சந்தேகப்பட்டேன். தொடக்க நிலையிலிருந்து 5 பிளை, அதாவது ஐந்து அரை நகர்த்தல் ஆழத்துக்கு ஆட்டம் போகக்கூடிய வழிகளை எண்ணினால் 48,65,609 வர வேண்டும், சரியாக வந்தது. அப்புறம் டிரான்ஸ்போசிஷன் டேபிளை, அதாவது ஏற்கெனவே அலசிய நிலைகளின் மதிப்பைச் சேமித்து வைக்கும் அட்டவணையை, நிறுத்திப் பார்த்தேன். ஒழுங்காக மேட் போட்டது! பிடி கிடைத்துவிட்டது.

மேட்டுக்கு 30000 மதிப்பு வைத்து, தேடலின் வேரிலிருந்து, அதாவது தேடல் தொடங்கும் நிலையிலிருந்து, அது எத்தனை பிளை தள்ளி என்பதைக் கழிக்கிறோம். 7-ஆம் பிளையில் மேட் என்றால் 29993. 5-ஆம் பிளையில் இருக்கும் நிலைக்கு இதை அப்படியே டேபிளில் எழுதியதுதான் தவறு. அடுத்த தேடலில் அதே நிலை 3-ஆம் பிளையிலேயே வந்துவிடும். மேட் உண்மையில் 5-இல் இருக்கும், டேபிளோ இன்னும் 7 என்று சொல்லும். ஆகவே எழுதும்போது 5 கூட்டி 29998 ஆக்க வேண்டும். எடுக்கும்போது 3 கழித்தால் 29995. நாம் மேட் வாங்கும் எதிர்ம மதிப்புகளுக்குக் கூட்டலும் கழித்தலும் தலைகீழ். இதை மறந்ததில் எனக்கு இன்னொரு ராத்திரி போனது.

மாற்றியது மொத்தம் நான்கே வரி. அந்த முடிவாட்டம் சரியாக ஆடினால் 16 நகர்த்தலுக்கு மேல் போகாது. வெளியே மூடுபனி விலகுவதற்குள் எஞ்சின் 14-இல் முடித்தது.